எங்க வீட்டுத் தரைக்கு அடியில் ஓர் ஊற்று

2025 மே மாத லீவில் ஊருக்குப் போனவன் ஏன் யாருக்கும் போன் பண்ணவில்லை என்று கேட்டவர்களுக்கு (மொத்தம் மூன்று பேர், இருந்தாலும் நன்றி) இதோ பதில். இருபது நாளாகக் குழாயில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். சிவில் படிக்கிற பையன் குழாயைப் பற்றி எழுதினால் கிளாஸ் எடுப்பான் என்று பயப்பட வேண்டாம். முதல் குழியைத் தப்பான இடத்தில் தோண்ட வைத்தவனே நான்தான் :-)

எங்கள் ஊர் செஞ்சி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் தூங்காமல் இருந்தால், யாரோ மூட்டை மூட்டையாகப் பாறையைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி மலைகள் தெரியும். அதுதான். 2025 ஜூலையில் மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று எங்களுடையது. அதற்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் நடை மாறிவிட்டது.

வீடு தாத்தா 1994-ல் கட்டியது. ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, தெற்குப் பாதி அப்பாவுக்கு, வடக்குப் பாதி சித்தப்பாவுக்கு. நடுவில் ஒரே பொதுச்சுவர். ஒன்பது அங்குலச் செங்கல். சண்டை அந்தச் சுவரில்தான் ஆரம்பித்தது.

2023-ல் எங்கள் உள் அறையில், சுவரின் அடியில் ஓரடி உயரத்துக்கு பெயின்ட் கொப்பளித்தது. விரலால் தொட்டால் பொரிந்து விழும். உள்ளே வெள்ளையாக உப்பு. அப்பா சுரண்டிவிட்டு பட்டி பார்த்து பெயின்ட் அடித்தார். மூன்றே மாதம், மறுபடி அதே கதை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? 2022-ல் சித்தப்பா கட்டிய புது பாத்ரூம். அப்புறம் என்ன, கேஸ் முடிந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார்.

அப்பா போய்ச் சொன்னார். சித்தப்பா இல்லையென்றார். அப்பா குரலை உயர்த்தினார். சித்தப்பா ரோஷக்காரர். புது டைல்ஸை உடைத்து, தரையை மறுபடி வாட்டர் புரூஃபிங் செய்து, நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு பண்ணி, "இப்ப பாத்துக்க" என்றார். சுவர் காயவில்லை. "வேலையை ஒழுங்கா செய்யல" என்றார் அப்பா. அன்றோடு பேச்சு நின்றது. ஆயா எங்கள் வீட்டில் இருக்கிறார். காலையில் டீ இங்கே, மத்தியானம் பழைய சோறு அங்கே என்று இரண்டு வாசலுக்கும் நடந்துகொண்டு, இரண்டு பிள்ளைகளையும் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது, நகரவே இல்லை. பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்தத் தடவை நனையாத சுவர் மாவட்டத்திலேயே இருந்திருக்காது. அதனால் ஈரத்துக்குப் புதுக் காரணம் கிடைத்தது. "மழைத்தண்ணி இறங்கிருக்கு, வெயில் வந்தா காஞ்சிடும்."

வெயில் வந்தது. அக்னி நட்சத்திரமே வந்தது. தெருவில் செருப்பில்லாமல் நடக்க முடியாத மே மாதத்தில், எங்கள் உள் அறைச் சுவர் மூன்றடி உயரத்துக்கு ஈரம். இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மழைத்தண்ணீராக இருந்தால் மழையோடு போக வேண்டும். மே மாதத்திலும் நிற்கிற ஈரத்துக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதையெல்லாம் அம்மா ஒரு வருஷத்துக்கு முன்பே வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார். "டேங்க் முன்ன மாதிரி நிக்கல. ஒருவேளை மோட்டார் போட்டா போதும், இப்ப ரெண்டு வேளை போட வேண்டியிருக்கு." யாராவது கேட்டால்தானே. சுவரைப் பார்க்க ஆம்பளைகள் மூன்று பேர் நின்றோம், டேங்கைப் பார்த்தவர் அம்மா மட்டும்.

சரி, என் பெருமைக்குரிய குழிக்கு வருகிறேன்.

அந்த அறையின் சுவரோரமாகத் தரைக்கடியில் சமையலறைக்குப் போகும் குழாய் ஓடுகிறது என்று அப்பாவுக்கு நினைவிருந்தது. ஈரம் அங்கே, குழாயும் அங்கே. "அங்கதான்பா உடைக்கணும்" என்று மூன்றாம் வருஷ சிவில் மாணவன் தீர்ப்பு சொன்னான். கொத்தனார் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். மேலே ஓர் அங்குலம் சிமென்ட் பூச்சு, அதற்குக் கீழே நாலு அங்குலம் செங்கல் ஜல்லி கான்கிரீட், அதற்கும் கீழே மணல். மணல் கடற்கரையில் அலை வந்துபோன இடம் மாதிரி இருந்தது. கையால் அள்ளினால் பிடி கொழுக்கட்டை பிடிக்கலாம். குழாயும் கிடைத்தது. பழைய ஜி.ஐ. பைப். துணியால் துடைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். அதிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

கொத்தனார் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இது வந்து சேந்த தண்ணி. பொறந்த எடம் இது இல்ல."

நான்கு செமஸ்டரில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. யோசித்துப் பாருங்கள். நம்மூர் வீட்டின் அடித்தளம் என்பது ஒரு தொட்டி. நாலு பக்கமும் கருங்கல் அஸ்திவாரம், நடுவில் மணலோ கிராவலோ கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறோம். மூடிக்கு அடியில் எங்கே தண்ணீர் கசிந்தாலும் அது மேலே வராது. மணலுக்குள் பரவி, எந்தப் பக்கம் தாழ்வோ அங்கே போய் அஸ்திவாரத்தில் முட்டி நிற்கும். செஞ்சியில் பல இடத்தில் நாலைந்து அடி தோண்டினால் பாறை, அதுவும் சரிவாக. தண்ணீருக்கு வழி காட்ட ஆளே வேண்டாம். முட்டி நின்ற தண்ணீரை, விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல் மேலே இழுக்கிறது. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தடுப்புப் பூச்சு போட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். எங்கள் வீட்டில் அது இல்லை. இழுத்த தண்ணீர் காற்றில் காய்ந்துபோகும், அதில் கரைந்த உப்பு மட்டும் சுவரில் பூக்கும். அதாவது, சுவரில் நாங்கள் இரண்டு வருஷமாகப் பார்த்தது தண்ணீர் வெளியே போகிற வாசலை. உள்ளே வருகிற வாசல் வேறு எங்கோ இருந்தது.

குழியை மூடினோம். கொத்தனார் கூலி 900. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

அடுத்த நாள் பிளம்பர் அண்ணன் வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. நேராக மொட்டை மாடிக்குப் போய் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "ராத்திரி எல்லாக் கொழாயையும் மூடிட்டு, இதுல அளவு வெச்சிட்டுப் படு. காலைல பாரு" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

எங்களுடையது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ். நூல் விட்டு அளந்தேன், குறுக்களவு 110 செ.மீ. அப்படியென்றால் தண்ணீர் ஒரு செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய ஒன்பதரை லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நீளத் துடைப்பக்குச்சியில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை 5 மணிக்கு ஒரு தடவை. இறக்கம் 8 செ.மீ. ஏழு மணி நேரத்தில் 76 லிட்டர். நிமிஷத்துக்கு 180 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். ஒரு நாளைக்கு 260 லிட்டர். வீட்டுக்கு அடியில் யாரோ ஓர் ஆள், இரவும் பகலும் ஓய்வில்லாமல் நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். அப்புறம் சுவர் எப்படிக் காயும்?

டேங்கிலிருந்து இரண்டு லைன் இறங்குகின்றன. ஒன்று சமையலறைக்கு, இன்னொன்று பாத்ரூமுக்கு. எது என்று கண்டுபிடிக்க இரண்டாவது ராத்திரி பாத்ரூம் லைனின் கேட் வால்வை மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் 5 செ.மீ. இறக்கம். எட்டும் இல்லை, பூஜ்யமும் இல்லை. "அப்ப ரெண்டு லைன்லயும் ஓட்டையா?" என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிளம்பர் அண்ணன் சிரித்தார். முப்பது வருஷத்து கேட் வால்வு முழுசாக மூடாதாம். உள்ளே உப்புக்கறை படிந்து தகடு உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. "வால்வை நம்பாத, டம்மிய நம்பு." யூனியனைக் கழற்றி டம்மி போட்டு இறுக்கினார். மூன்றாவது ராத்திரி சமையலறை லைனுக்கு டம்மி: 8 செ.மீ. அப்படியே. நாலாவது ராத்திரி பாத்ரூம் லைனுக்கு டம்மி.

அந்த நாலாவது விடியற்காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு டேங்குக்குள் குச்சியை விட்டேன். கோடு மேல் கோடு. ஒரு நூல்கூட இறங்கவில்லை. நிமிர்ந்தால், பக்கத்து மாடியில் சித்தப்பா. அவர் டேங்க் ரொம்பி வழிகிறதா என்று பார்க்க ஏறியிருக்கிறார்.

"இன்னாடா பண்ற, விடியகாலைல?"

சொன்னேன். எட்டு, ஐந்து, எட்டு, இப்போது பூஜ்யம் என்று எல்லாம் சொன்னேன். எங்கள் டேங்கை மூடினால் ஓட்டையும் மூடிக்கொள்கிறது என்றால், தண்ணீர் எங்கள் தண்ணீர். அவர் பாத்ரூமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"உங்கப்பன்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல சித்தப்பா."

"ம்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் குச்சியை வாங்கிக் கோடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் டைல்ஸை ஒடச்சானே" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அடுத்த சிக்கல். பாத்ரூம் லைன் பின்பக்கச் சுவரில் இறங்கி, ஹாலின் தரைக்கடியில் குறுக்காக ஓடி, முன்பக்கம் பாத்ரூம் சுவரில் மறுபடி ஏறுகிறது. (அந்தக் காலத்தில் பைப் செலவு மிச்சம் பிடிக்கக் குறுக்கே போட்டுவிட்டார்கள்.) ஓட்டை சுவருக்குள் என்றால் பூச்சைக் கொத்திச் சரி செய்துவிடலாம். தரைக்கடியில் என்றால் ஹாலை உடைக்க வேண்டும். அந்த ஹால் சிவப்புத் தரை. தாத்தா கிட்ட நின்று போட வைத்தது. சிமென்ட்டில் ரெட் ஆக்சைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, பிறகு முப்பது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் ஆயா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தது. முகம் பார்க்கலாம். அதில் ஒரு சதுர அடி உடைத்தாலும் திரும்ப அதே நிறம் வராது, யார் செய்தாலும் வராது. உடைக்கிற பேச்சு எழுந்தபோதே ஆயா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

பிளம்பர் அண்ணன் வேறு வேலைக்கு இரண்டு நாள் திருவண்ணாமலை போய்விட்டார். எனக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போய் கல்யாண மகாலில் உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்து நூறு தடவை பார்த்த இடம். நடுவில் சதுரக் கோபுரம், மாடிக்கு ஒரு சின்ன அறை, மேலே கூம்பாக ஒரு கூரை. கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக இதன் மேல்மாடிகள் வரை தண்ணீர் ஏறியது என்பார்கள். பள்ளி டூரில் கைடு சொல்லும்போது கொட்டாவி விட்டிருக்கிறேன். இப்போது குழாய் ஓட்டையோடு ஐந்து நாள் வாழ்ந்த பிறகு கேட்டால் அது வேறு மாதிரி இருக்கிறது. மோட்டார் கிடையாது. குளம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை தண்ணீர் தானாக ஏறும், அவ்வளவே. ஆனால் மண்குழாய் என்றால் சில அடிக்கு ஓர் இணைப்பு. வழியில் ஓர் இணைப்பு விட்டுப்போனால்? மேல்மாடியில் உட்கார்ந்திருக்கும் ராணியம்மாவுக்குத் தண்ணீர் நின்றிருக்கும். ஓட்டை வழியே விழுகிறதைவிட வேகமாகக் குளம் கொடுக்காவிட்டால், தண்ணீர் ஓட்டை இருக்கும் உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும்.

அங்கேயே நின்றுவிடும்!

(இந்த இடத்தில் ஆர்க்கிமிடீஸ் மாதிரி ஓடினேன் என்று எழுத ஆசை. உண்மையில் சைக்கிள் பஞ்சர். தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.)

கொத்தனார்கள் மட்டம் பார்க்க ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் வைத்திருப்பார்களே, அதை வாங்கிவந்தேன். பிளம்பர் அண்ணன் திரும்பியதும் விஷயத்தைச் சொன்னேன். பின்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிற யூனியனைக் கழற்றி, ஹாலுக்குள் போகிற பக்கத்தோடு டியூபை மாட்டி, சுவரில் ஆறடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம். பாத்ரூம் பக்கம் ஷவர் வால்வைத் திறந்து வைத்தோம், காற்று போய்வர. டியூபில் தண்ணீர் ஊற்றி நிரப்பினோம். பாத்ரூம் சுவருக்குள் மூன்றடியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் மூன்றடியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று கண்ணெதிரே இறங்கி, சில நிமிஷத்தில் யூனியனுக்குக் கீழே மறைந்துபோனது. இரண்டாவது தடவையும் அப்படியே. சுவர் நிரபராதி. ஓட்டை தரைக்கடியில்.

என் கண்டுபிடிப்பு வேலை செய்ததில் சந்தோஷம். அது சொன்ன பதிலில் வருத்தம்.

தரைக்கடியில் என்றால் எந்த இடம்? குழாய் ஹாலுக்கு அடியில் பதினெட்டு அடி ஓடுகிறது. கடப்பாரையின் ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற முறை ஒன்று உண்டு. உலகம் முழுக்கத் தண்ணீர் வாரிய ஆட்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடுராத்திரியில் தெருக்குழாயைக் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்திவிட்டுக் கேட்டேன். என் காதில் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. டேங்க் தரையிலிருந்து பதினாறு அடி. பத்து மீட்டர் தண்ணீருக்குத்தான் ஒரு கிலோ அழுத்தம், எங்களுடையது அரைக் கிலோ. அந்த அழுத்தத்தில் கசியும் தண்ணீருக்குச் சத்தம் போடத் தெம்பில்லை. பணக்கார நாடுகளில் 5 சதவீதம் ஹைட்ரஜனும் 95 சதவீதம் நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாயில் விடுகிறார்கள். ஹைட்ரஜன் பொடியிலும் பொடி, கான்கிரீட்டைத் தாண்டி மேலே வந்துவிடும், ஒரு கருவி அதை மோப்பம் பிடிக்கும். செஞ்சியில் அதற்கு எங்கே போவது?

"கம்ப்ரசர் இருந்தா காத்து விட்டுக் கேக்கலாம்" என்றார் பிளம்பர் அண்ணன்.

ஹாலில் அமைதி. ஏனென்றால் கம்ப்ரசர் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா வைத்திருப்பது டூவீலர் ஒர்க்‌ஷாப்.

அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். கட்டிலிலிருந்தபடியே ஆயாதான் பொதுச்சுவரைத் தட்டி (ஈரச்சுவர், சத்தம் சரியாகக்கூட வரவில்லை) கத்தினார். "டேய் சின்னவனே, அந்தக் காத்தடிக்கிற மிஷின எடுத்தாடா!"

கால் மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் கம்ப்ரசர் வாசலில் நின்றது. கனம். படி ஏற்ற வேண்டும். சித்தப்பா ஒரு பக்கம் பிடித்தார். இன்னொரு பக்கம் பிடிக்க நான் ஓடுவதற்குள் அப்பா போய்ப் பிடித்துவிட்டார். நிலைப்படி தாண்டும்போது "கை, கை பாத்து" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை.

இதை யாரும் வீட்டில் செய்துபார்க்காதீர்கள். தண்ணீர் நிரம்பிய குழாய் வெடித்தால் நனைவோம், காற்று நிரம்பிய குழாய் வெடித்தால் துண்டு பறக்கும். பிளம்பர் அண்ணன் லைனிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, எல்லாரையும் குழாய் முனைகளுக்கு எதிரில் நிற்காமல் விலக்கி, இரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். கேஜ் முள் ஏறும், வால்வை மூடியதும் விழும். சித்தப்பா கேஜைப் பார்க்க, நான் கடப்பாரையோடு ஊர்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் கேட்டது. பானையில் சோறு கொதிக்கும்போது வருமே, தளபுள தளபுள, அதே சத்தம். ஈர மணலுக்குள் காற்று. அப்பாவும் காது வைத்தார், சித்தப்பாவும் வைத்தார். ஆயாவை இறக்கிக் கட்டிலை நகர்த்தினோம். நேர் அடியில். ஈரச்சுவரிலிருந்து ஒன்பது அடி தள்ளி. அங்கே தரை எண்ணெய் பூசின மாதிரி காய்ந்து பளபளவென்று கிடந்தது.

"இங்க ஒண்ணரை அடிக்கு ஒடச்சி, துண்டு பைப் போட்டுரலாம்" என்றேன் நான். பிளம்பர் அண்ணன் தலையாட்டவில்லை. முப்பத்தொரு வருஷ ஜி.ஐ. குழாயில் ஒரு ஓட்டை என்பது முதல் ஓட்டை, அவ்வளவுதான் என்றார். அவர் அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் காரணமும் இருக்கிறது. மரை வெட்டும் இடத்தில் குழாயின் கனம் பாதியாகிவிடும், துத்தநாகப் பூச்சும் போய்விடும். போதாததற்கு எங்கள் போர் தண்ணீர் உப்பு. அப்புறம் ஒரே குழாய் கொஞ்ச தூரம் கான்கிரீட்டிலும் கொஞ்ச தூரம் ஈர மணலிலும் கிடந்தால், இரண்டுக்கும் நடுவில் பேட்டரி மாதிரி ஒரு மின்வேதி வினை ஓடும். அதில் மணலில் கிடக்கும் பகுதிதான் அரிக்கும். இன்றைக்கு ஓர் இடத்தை ஒட்டினால் நாளைக்கு நாலடி தள்ளி அடுத்தது. அமெரிக்காவில் 1947-லிருந்து நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் என்று ஆயிரக்கணக்கில் வீடு கட்டினார்கள். அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களைத் தரைக் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள். பிறகு ஒழுக ஆரம்பித்ததும் தரையைத் தோண்டிக்கொண்டிருக்க முடியாமல் பலர் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள். இதை நான் அப்புறம்தான் படித்தேன். ஆயா படிக்காமலே கேட்டார்.

"எப்பா, அந்த வழியா தண்ணியே போவலன்னா ஒழுவாதில்ல?"

பிளம்பர் அண்ணன் ஆயாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொல்ல வந்ததே அதுதான். ஒடச்சாத்தான் கூலி என்று நினைக்காத ஆள். நல்லவேளை.

பின்சுவரிலிருந்து வெளிப்புறமாக, சன்ஷேடு மட்டத்தில் வீட்டைச் சுற்றி பாத்ரூம் வரை அறுபது அடி புது சி.பி.வி.சி. முக்கால் அங்குலம், ரெண்டடிக்கு ஒரு கிளாம்பு, வெயில் படுகிற இடத்தில் மேலே பெயின்ட். பழைய குழாயின் இரண்டு முனையிலும் என்ட் கேப். அது உள்ளேயே கிடக்கட்டும். ஒட்டின சால்வென்ட் இறுக ஒரு ராத்திரி விட்டு மறுநாள்தான் தண்ணீர் திறந்தார். பொருளும் கூலியும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். வெளியே குழாய் ஓடுவது அழகில்லை என்று அப்பாவுக்குக் குறை. ஆனால் இனி ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். அன்று ராத்திரி குச்சி விட்டுப் பார்த்தேன், கோடு அசையவில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று இரண்டு வருஷம் ஓடிய தண்ணீர் மணலையும் கொஞ்சம் இழுத்துப் போயிருக்கும். கொத்தனார் சுத்தியல் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் "டக் டக்". கட்டில் கிடந்த இடத்தில் மட்டும், ஒரு முறம் அளவுக்கு, "டொம் டொம்". அடியில் வெற்றிடம். அப்படியே விட்டால் ஒரு நாள் கட்டில் கால் உள்ளே இறங்கும். ஆயாவிடம் கெஞ்சி, ஓர் அங்குல அகலத்தில் மூன்றே துளை போட அனுமதி வாங்கினோம். மணல் கொஞ்சம் வடியட்டும் என்று ஒன்றரை மாதம் கழித்து, சிமென்ட்டும் சலித்த மணலும் தண்ணியாய்க் கரைத்து, ஒரு துளையில் ஊற்றி அடுத்த துளையில் எட்டிப் பார்க்கும்வரை விட்டார்கள். வாயை ரெட் ஆக்சைடு கலந்து மூடினார்கள். மூன்று பொட்டு. நிறம் சேரவில்லைதான்.

சுவருக்கு வைத்தியம் எதுவும் செய்யாமல் இருப்பதே வைத்தியம். ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லை அம்மணமாக விட்டோம். பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காயவிட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, ஒன்பது அங்குலச் சுவருக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள், அசிங்கமாக இருக்கிறது, பெயின்ட் அடித்துவிடலாம் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். அம்மா விடவில்லை. தீபாவளிக்குப் போனபோது மூன்றடி ஈரம் ஓரடிக்குக் கீழே இறங்கியிருந்தது. பொங்கலுக்குப் போனபோது தொட்டுப் பார்த்தால் வெறும் செங்கல்.

சித்தப்பாவின் நாற்பதாயிரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா ஒர்க்‌ஷாப்பில் போய்த் தன் வண்டியை சர்வீஸுக்கு விட்டார். கூலி வாங்க மாட்டேன் என்று சித்தப்பா சொல்ல, அங்கேயும் ஒரு சின்னச் சண்டை நடந்ததாக அம்மா சொன்னார்.

பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை மாடியில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பக்கத்து மாடியில் சித்தப்பா. கையில் துடைப்பக்குச்சி.

"டேய், ரெண்டு செ.மீ. எறங்கிருக்குடா."

என்னுடைய அதே கோடுகள். அவர் டேங்கும் ஆயிரம் லிட்டர்தான். ராத்திரி பத்தொன்பது லிட்டர் எங்கே போனது? தரையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஃபிளஷ் டேங்கைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். (எங்கள் பழைய பாத்ரூமில் ஃபிளஷ் கிடையாது, வாளியும் மக்கும்தான். அதனால் எங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.) ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்து சித்தப்பாவின் ஃபிளஷ் டேங்கில் ஊற்றி, யாரும் போகக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தோம். இருபது நிமிஷம் கழித்துத் திறந்து பார்த்தால் பேசின் முழுக்க இளமஞ்சள். ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. புது வாஷர் நாற்பது ரூபாய்.

"அந்தச் செவுத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இல்லை சித்தப்பா, இது நேரே செப்டிக் டேங்குக்குப் போகுது என்றேன்.